குடோன் தரையில் கூட்டி அள்ளியது

“…எங்கன இருந்து வந்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும் அண்ணாச்சி, மத்ததை நான் பாத்துக்கிடுவேன்” என்று சொல்லிக்கொண்டே அந்தப் பெண் கண்ணாடிக் குழாயை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். குழாயில் இருந்த தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் போல வெளுத்திருந்தது. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அது தெளிந்த தண்ணீர்தான். கொப்பரையிலிருந்து எடுத்த உப்பில் ஒரு சிட்டிகையை அதில் கரைத்தாள், சின்னக் குப்பியிலிருந்து ஒரு சொட்டு மருந்து விட்டாள், உடனே வெளுத்துவிட்டது. அது எங்கே இருந்து வந்தது என்று அந்த அறையில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்குமே அந்த நிமிடம்தான் தெரிந்தது.

“நீங்க கதை சொன்னா பாதிப் படத்துல தியேட்டருக்குள்ள போன மாதிரி இருக்கு” என்று என் மனைவி அடிக்கடி சொல்வாள். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

நான் வெல்டர். பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. துறைமுகத்துக்குப் பின்பக்கம் கப்பல் ரிப்பேர் பட்டறைகளில் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் என் தொழில். பிறகு சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டேன். தூத்துக்குடியில் இரும்பு வேலைக்காரனுக்கு வேலை ஓயாது. நாம் செய்து கொடுத்ததைக் காற்று தின்றுகொண்டே இருக்கும், நாம் மறுபடி செய்து கொடுத்துக்கொண்டே இருக்கலாம். நான் கேட் போட்டுக் கொடுத்த வீட்டுக்காரர் ஒருவர் இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் பட்டறைக்கே வந்து, “அண்ணாச்சி, நான் கேட்டது இரும்புக் கேட்டு. நீங்க அப்பளத்துலல்லா செஞ்சு குடுத்திருக்கிய” என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. இப்படிப் பேசத் தெரிந்த மனிதருக்கு இன்னொரு கேட் செய்து கொடுக்கலாம் என்றுதான் தோன்றியது. செய்தும் கொடுத்தேன்.

திருச்செந்தூர் சாலையில் உப்பளங்களைத் தாண்டி ஒரு கம்பெனி வெயிலைப் பிடிக்கக் கண்ணாடிகளை வரிசை வரிசையாக நட்டு வைத்தது. அங்கே ஒரு பெரிய எஃகுத் தொட்டி கட்டுகிற வேலை எனக்கு வந்தது. அந்தத் தொட்டிக்குப் பக்கத்துக் கொட்டகையில்தான் இந்தப் பெண் சோதனை வேலை செய்துகொண்டிருந்தாள். சாத்தான்குளத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் வாத்தியார்கள். முப்பது வயது இருக்கும். முதல் நாள் நான் “மேடம்” என்று கூப்பிட்டபோது, “வேண்டாம் அண்ணாச்சி. மேடம்னு சொன்னா எங்க ஹெட்மிஸ்டரஸ் பின்னால நிக்காங்களோன்னு திரும்பிப் பாக்கத் தோணுது” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அவள் ‘யம்மா’.

“பகல்ல அடிக்கிற வெயிலை உப்புல சேத்து வைக்கோம் அண்ணாச்சி. பொழுது அடைஞ்ச பெறகு அந்தச் சூட்டை எடுத்து, தண்ணியை ஆவியாக்கி, கரண்டு எடுப்போம்” என்று அவள் எனக்கு விளக்கினாள். நான் தலையை ஆட்டிவிட்டு வாசலில் டீக்கடை வைத்திருந்த அக்காவிடம் போய் அதையே என் சொந்த ஞானம் மாதிரிச் சொன்னேன். அக்கா டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. “உப்பைக் காய்ச்சிக் கரண்டு எடுக்கியளாக்கும்? எங்க வீட்டுல கொழம்புல ரெண்டு கல்லு கூடிட்டாலே ஷாக் அடிக்கத்தான் செய்யுது” என்றாள்.

அது நம் உப்பளத்து உப்பு இல்லை. வெடியுப்பு ஜாதி, இரண்டு வகையைச் சேர்த்துக் கலந்தது. பார்வைக்கு நம் தூள் உப்பு மாதிரிதான் இருக்கும். நன்றாகச் சூடேற்றினால் உருகி, நல்லெண்ணெய் நிறத்தில் தண்ணீராக ஓடும். அந்தச் சூட்டில் அதைத் தாங்குகிற எஃகுக்குத்தான் பஞ்சம். உருகிய உப்பு இரும்பை மெல்ல மெல்ல அரித்துவிடும். தொட்டி அரித்தால் கண்ணாடி நட்டவன் கதி அதோகதி. அதற்குத்தான் அவள் ஒரு பூச்சு கண்டுபிடித்திருந்தாள். அலுமினியத் தூளை மாவு மாதிரிக் கரைத்து எஃகின்மேல் தடவி, காய வைத்து, காற்றுப் படாமல் உலையில் சுட வேண்டும்.

“பெயிண்ட்டுதான?” என்று கேட்டேன்.

“இல்ல அண்ணாச்சி. பெயிண்ட்டு மேல உக்காந்திருக்கும். இது உள்ள எறங்கி எஃகோடயே சேந்துரும். மருமகளா வந்துட்டு வீட்டுச் சாவியை வாங்கிக்கிட்ட மாதிரி.”

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனதே அந்த ஒரு பேச்சில்தான்.

தொட்டி கட்டி முடிந்தும் நான் அங்கிருந்து கிளம்பவில்லை. தகடு வெட்டிக் கொடுக்க, ஓரம் தேய்த்துக் கொடுக்க, கொப்பரை மூடியைத் தூக்க என்று ஏதாவது ஒரு வேலை இருந்தது. பிரியாணி அண்டா அளவுக்கு ஒரு கொப்பரை. அதில் உருகிய உப்பு. ஒரு சட்டத்தில் ஒன்பது தகடுகளைக் கம்பியில் கட்டி அதற்குள் இறக்கிவிடுவாள். ஆறு தகடுகளுக்குப் பூச்சு உண்டு, மூன்று வெறும் எஃகு. “அந்த மூணு பேருக்கும் சட்டை போட்டு விடலியே யம்மா” என்றேன். “அவங்க என்ன ஆனாங்கன்னு பாத்தாத்தான, சட்டை போட்டவங்க அருமை தெரியும்” என்றாள்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை தகடுகளை வெளியே எடுத்து, ஒட்டிய உப்பைக் கழுவி, உலர்த்தி, எடை போட்டு, நோட்டில் எழுதிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். இப்படிப் பதினெட்டு வாரம். மூன்றாவது எடை முடிந்ததும் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வருவார்கள். “அவங்க தலையாட்டிட்டாங்கன்னா, நீங்க கட்டுன தொட்டிக்கு உள்பக்கம் பூராவும் என் பூச்சுதான் அண்ணாச்சி. ஆட்டலன்னா கொட்டகையைப் பூட்டிருவாங்க. மூணு வருச வேலை. நான் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போய் டியூசன் எடுக்க வேண்டியதுதான்” என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

அந்தத் தொட்டி இன்றைக்கும் காலியாகத்தான் நிற்கிறது. போன வாரம்கூட அந்த வழியாகப் போனேன். ஏணிப் படியில் மைனா கூடு கட்டியிருக்கிறது.

முதல் எடையில் எல்லாம் நன்றாக இருந்தது. இரண்டாவதில் வெறும் எஃகுத் தகடுகள் கறுத்துச் சொரசொரப்பாகிவிட்டன. பூச்சுத் தகடுகள் ஆறும் வைத்தது வைத்தபடி சாம்பல் நிறத்தில் மழுமழுவென்று இருந்தன. அன்றைக்கு அவள் ஒரு கிலோ மஸ்கோத் அல்வா வாங்கி வந்து டீக்கடை அக்காவுக்குக்கூடக் கொடுத்தாள். “என்னளா, கல்யாணம் நிச்சயமாயிட்டா?” என்று அக்கா கேட்டாள். “ஆமாக்கா, ஆறு பேரோட” என்றாள். அக்கா வாயில் வைத்த அல்வாவை விழுங்காமல் நின்றாள்.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

அந்த இரண்டு எடைகளுக்கும் இடையில்தான் மழை பிடித்தது. சோதனைக் கொட்டகையின் கூரை ஒழுகி, அடுக்கி வைத்திருந்த உப்பு மூட்டைகளில் தண்ணீர் இறங்கியது. அவள் அந்த வாரம் சாத்தான்குளத்தில் மாட்டிக்கொண்டாள்; சாலையில் தண்ணீர், பஸ் இல்லை. போனில், “அண்ணாச்சி, மூட்டைகளை எங்கனயாவது நனையாத எடத்துக்கு மாத்திருங்க. அந்த உப்பு வர எத்தன மாசம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். ஒரு கைப்பிடிகூட வீணாகக் கூடாது” என்றாள்.

நனையாத இடம் என்றால் எங்களுக்கு ஒன்றுதான் ஞாபகம் வரும். உப்புக் குடோன். எனக்குப் பழக்கமான வியாபாரி ஒருவரிடம் கேட்டு, அவர் குடோனில் ஒரு மூலையை வாங்கினேன். மூட்டைகளை வண்டியில் ஏற்றி இறக்கும்போது நனைந்திருந்த இரண்டு மூட்டைகள் பிரிந்து கொட்டிவிட்டன. ஈரத்தில் கட்டி கட்டியாக உறைந்திருந்தது. அங்கே வேலை பார்க்கிற அக்கா ஒருத்தி, கூட்டிக் குவிப்பதில் அந்தக் குடோனுக்கே பெரிய ஆள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். “ஏன் தம்பி முழிக்கே? பரத்திக் காயப் போடு. தரை என்ன அழுக்காவா கெடக்கு?”

தரை அழுக்காக இல்லை. அதுதான் விஷயம். வெள்ளைவெளேர் என்று இருந்தது. எங்கள் ஊரில் குடோன் தரை வெள்ளையாக இருந்தால் சுத்தம் என்று அர்த்தம். மண் இல்லை, தூசி இல்லை, அதில் விழுந்ததை அள்ளிக்கொள்ளலாம். உப்பளத்தில் பிறந்து வளர்ந்த யாரும் சிந்தியதை விட்டுவிட்டுப் போக மாட்டோம். நானும் அந்த அக்காவும் கட்டிகளை மரக்கட்டையால் தட்டி உடைத்தோம், பரத்தினோம், மூன்று நாள் காய வைத்தோம், கடைசி உப்பு மணி வரை துடைப்பத்தால் கூட்டி அள்ளிப் புதுச் சாக்கில் கட்டினோம். “பாத்தியா, ஒரு கைப்பிடி போகல” என்று அக்கா சாக்கைத் தட்டிக் காட்டினாள். போகவில்லைதான். ஒரு கைப்பிடிக்கு நாலு கைப்பிடி கூடத்தான் வந்திருக்கிறது.

அந்தத் தரையின் வெள்ளை, நம் சமையல் உப்பின் வெள்ளை. அதில் இருக்கிற குளோரைடு எஃகுக்கு என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்று எழுதலாம். எழுதினால் பொய். கடல் காற்றில் கேட் அப்பளமாவதை நாற்பது வருடமாகப் பார்த்தவன் நான். அது எதனால் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெரிந்ததை இந்தக் கொப்பரையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

கொப்பரையில் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். தகட்டில் ஒட்டிக்கொண்டு வரும், விளிம்பில் ஏறிக் காயும். இரண்டாவது எடை முடிந்ததும் அளவைச் சரிக்கட்ட ஒரு சாக்கு உப்பு கேட்டாள். குடோனிலிருந்து மூட்டைகளைத் திரும்ப ஏற்றி வந்த வண்டியில் முன்னால் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன். அது நான் கட்டிய சாக்கு.

மூன்றாவது முறை சட்டத்தைத் தூக்கியபோது, பூச்சுத் தகடுகளின் ஓரங்களில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் இருந்தன. கழுவும்போது சாளை மீன் செதில் மாதிரிப் பூச்சு உதிர்ந்து தட்டில் விழுந்தது. அவள் ஒவ்வொரு செதிலாக இடுக்கியால் எடுத்துச் சின்னக் கவரில் போட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை. தப்பு தன் பூச்சில்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு தேட ஆரம்பித்தாள். தூளைத் திரும்பச் சலித்தாள். உலையின் சூட்டை அளந்தாள். “அண்ணாச்சி, அந்த நாலாவது தகடு ஓரத்துல நான் பிரஷ்ஷை ரெண்டு தடவை இழுத்தேனா, ஒரு தடவையா? நீங்க பக்கத்துல நின்னியளே” என்று கேட்டாள். எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? “ரெண்டு தடவைதான் யம்மா” என்று சும்மா சொன்னேன். மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே திரும்பிப் போகும். ஊரிலிருந்து அம்மா போன் செய்தால், “நல்லாத்தான்மா போகுது” என்பாள். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் கம்பியைப் பார்ப்பேன். தலைமை அலுவலகத்துக்காரர்கள் திங்கட்கிழமை வருவதாக உறுதி செய்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில்தான், உப்பையே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அந்த மருந்துக் குப்பியை எடுத்தாள். முதலில் பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் ஒரு சொட்டு விட்டாள். தெளிவு. பிரிக்காத மூட்டை உப்பைக் கரைத்து விட்டாள். தெளிவு. கொப்பரை உப்பைக் கரைத்து விட்டாள். அரிசி களைந்த தண்ணீர். “குளோரைடு” என்றாள். எங்கன இருந்து வந்துச்சு என்று அப்போதுதான் கேட்டாள்.

நான் “டீ சொல்லிட்டு வாரேன்” என்று வெளியே போய்விட்டேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் போனேன்.

டீக்கடை அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, பூனை கருவாட்டைத் தூக்கிட்டுப் போனதைப் பாத்தும் வெரட்டாம வந்த மாதிரி நிக்கிய?” என்றாள். “பூனையே நான்தான்க்கா” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. இரண்டு கிளாஸை என் கையில் கொடுத்து, “ஆறுறதுக்குள்ள கொண்டு போங்க. அந்தப் பிள்ள ஒரு வாரமா ஒழுங்காத் திங்கல” என்றாள்.

உள்ளே போய் கிளாஸை மேசையில் வைத்தேன். “யம்மா, அது குடோன் தரையில இருந்து வந்துச்சு.”

“எந்தக் குடோன்?”

சொன்னேன். மழை, வண்டி, பிரிந்த மூட்டை, மரக்கட்டை, துடைப்பம். ஒன்றையும் விடவில்லை. டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

“தரை எப்படி இருந்துச்சு?”

“சுத்தமாத்தான் இருந்துச்சு.”

“சுத்தம்னா?”

“வெள்ளையா.”

“வெள்ளையா” என்று அவளும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், மூலையில் மிச்சம் இருந்த என் சாக்கிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்துச் சொட்டு விட்டாள். இந்தத் தடவை தண்ணீர் இல்லை, பால்.

“ஏன் அண்ணாச்சி அன்னைக்கே எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லுததுக்கு அதுல என்ன இருக்குன்னு நெனச்சேன். நீங்கதான ஒரு கைப்பிடிகூட…”

“ஆமா. நாந்தான் சொன்னேன்” என்றாள்.

“அதைக் கழுவிக் கிழுவி எடுத்துற முடியாதா?”

“பாயசத்துல விழுந்த உப்பை எப்படி அண்ணாச்சி எடுக்க?”

“புதுத் தகடு வெட்டுதேன். நாளைக்கே ஒம்பதும் தந்துருதேன்.”

“தகடு வெட்டலாம். ஒம்பது வாரத்தை எங்கன போய் வெட்ட?”

“திங்கக்கிழமை அவுக வந்ததும் நானே சொல்லுதேன். இந்தப் பிள்ள மேல தப்பு இல்ல, நான்தான் கூட்டி அள்ளுனவன்னு.”

அவள் முதல் தடவையாக டீயை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. “சொன்னா, ‘அப்ப சோதனை செல்லாது’ம்பாங்க. சொல்லலன்னா, ‘பூச்சு தாங்கல’ம்பாங்க. ரெண்டுக்கும் கடைசியில கொட்டகையைப் பூட்டச் சொல்லி ஒரே தாள்தான் அண்ணாச்சி வரும்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். பஸ் நேரம் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

எனக்கு எந்த இரும்பையும் ஒட்டத் தெரியும். நடுக்கடலில் பிளந்து வந்த தோணியின் சுக்கானை அலையில் ஆடிக்கொண்டே ஒட்டியிருக்கிறேன். அன்றைக்கு அந்த அறையில் ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கொப்பளித்த பூச்சை நான் எதைக் கொண்டு ஒட்ட? கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாமல் பனியனில் துடைத்துக்கொண்டே நின்றேன்.

அவள் நோட்டைத் திறந்து எழுதினாள். எழுதியதை எனக்காகத் தமிழில் படித்தும் காட்டினாள். மழையில் நனைந்த மூட்டை உப்புக் குடோன் தரையில் உலர்த்தப்பட்டது, தரையிலிருந்து கூட்டி அள்ளப்பட்டது, இரண்டாவது எடைக்குப் பிறகு கொப்பரையில் சேர்க்கப்பட்டது. யாரால் என்று எழுதவில்லை.

“என் பேரைப் போடுங்க யம்மா.”

அவள் நோட்டை மூடி வைத்தாள். முகக்கவசத்தை மாட்டினாள், முழங்கை வரை வருகிற கையுறையைப் போட்டாள். மேசையில் கிடந்த ஒன்பது தகடுகளையும், கொப்பளித்ததையும் கறுத்ததையும், ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய வரிசையிலேயே சட்டத்தில் கட்டினாள். ஒரு கம்பி தளர்வாக இருந்தது, அவிழ்த்து மறுபடி முறுக்கினாள். “இன்னும் ஒம்பது வாரம் பாக்கி இருக்கு அண்ணாச்சி” என்று மூடியை நகர்த்தச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினாள். நகர்த்தினேன். கொப்பரைச் சூட்டின்மேல் சட்டத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து ஈரம் போகக் காட்டிவிட்டு, அதே உப்புக்குள் மெதுவாக இறக்கினாள். மணியைப் பார்த்தாள். நோட்டை மறுபடி திறந்து, நாலாவது எடை வரிசைக்கு நேராக அந்த நேரத்தை எழுதினாள்.